பெரிய நிறுவனத்தின் புதிய சப்ளையர் ஒப்பந்தம்: 90 நாள் கடன், ஆண்டுக்கு 3 சதவீத விலைக் குறைப்பு – கையெழுத்துப் போடலாமா?

கணபதி பட்டறை (கோவை)

வணக்கம். எங்களுடையது வார்ப்படங்களை விலைக்கு வாங்கி, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி., வி.எம்.சி. எந்திரங்களில் முடித்துக் கொடுக்கும் சிறு பட்டறை. பம்ப் தயாரிப்பாளர்கள் சிலருக்கும் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றுக்கும் பேரிங் ஹவுசிங், ஃபிளாஞ்ச், பிராக்கெட் போன்றவற்றைச் செய்து தருகிறோம். விற்பனையில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்துக்கே போகிறது. அந்த நிறுவனம் இப்போது எல்லா வெண்டர்களுக்கும் புதிய ஒப்பந்தம் ஒன்றை அனுப்பி, மாத இறுதிக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறது.

அதில் உள்ளவை இவை. ஜி.ஆர்.என். (சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு) போட்ட நாளிலிருந்து 90 நாள் கழித்துப் பணம். ஒவ்வொரு ஏப்ரலிலும் 3 சதவீதம் விலைக் குறைப்பு. மூலப்பொருள் விலை ஏறினால் காலாண்டுக்கு ஒருமுறை பேசி, அடுத்த காலாண்டிலிருந்துதான் புது விலை. எங்கள் சரக்கு தாமதமாகி அவர்களுடைய அசெம்பிளி லைன் நின்றால், நின்ற நேரத்துக்கான இழப்பை எங்கள் பில்லில் டெபிட் செய்வார்கள், அதாவது கழித்துக்கொள்வார்கள். இதுவரை 60 நாள் என்று வாய்மொழியாக இருந்து, நடைமுறையில் 75 நாள் வரை இழுத்தது. இப்போது அதையே எழுத்தில் 90 ஆக்குகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினால், எந்த நாளிலும் 30 லட்சம் அவர்களிடம் நிற்கும். அந்த 30 லட்சத்தை நான் சி.சி. (வங்கி ரொக்கக் கடன்) கணக்கில் 10 சதவீத வட்டிக்கு எடுத்தால் ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது 1.2 கோடி விற்பனையில் இரண்டரை சதவீதம் வட்டிக்கே போய்விடுகிறது. இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது, இந்த மாதம் போட்ட பில்லுக்கான வரியை, உள்ளீட்டு வரி போக, அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நான் கட்டியாக வேண்டும், அந்த வரிப்பணமும் மூன்று மாதம் கழித்துத்தான் பில்லோடு சேர்ந்து வரும். விலைக் குறைப்பையும் சேர்த்தால், இரண்டாம் ஆண்டில் இந்த வேலையில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்கள் எந்த விதியை மாற்றச் சொல்லிக் கேட்டீர்கள், எது மாறியது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓசூர் பிரஸ் ஷாப்

நண்பரே, 90 நாள் விதிதான் கண்ணில் படுகிறது. எனக்கு அதைவிட அச்சம் தருவது லைன் நிறுத்த விதி. காரணம், அந்த விதியில் உங்கள் பொறுப்பு எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுடைய ஷெட்யூல் (எந்தச் சரக்கு எவ்வளவு வேண்டும் என்ற மாதப் பட்டியல்) பொறுப்பு எழுதப்படவில்லை.

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். மாதத் தொடக்கத்தில் ஷெட்யூல் வரும். அதை நம்பி ஸ்டீல் காயிலுக்கு முன்பணம் கட்டுவோம், ஏனென்றால் ஸ்டீல் விற்பவர் எங்களுக்கு 90 நாள் கடன் தருவதில்லை. இரண்டாம் வாரத்தில் அந்த மாடலின் எண்ணிக்கை பாதியாகும். வேறொரு மாடலின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். இரட்டிப்பானதற்கு டையை (அச்சை) மாற்றி, இரவு ஷிப்ட் ஓட்டி, வாடகை வண்டியில் அனுப்புவோம். அதில் ஒரு லோடு சில மணி நேரம் தாமதித்தால் டெபிட் நோட் (பில்லில் கழிக்கும் சீட்டு) வரும். பாதியான மாடலுக்காக அடித்து வைத்த சரக்கு ரேக்கில் துருப்பிடிக்கும். அதற்கு யாரும் டெபிட் நோட் போட முடியாது.

ஆகவே நாங்கள் கேட்டு வாங்கியது ஒரே ஒரு வரி: உறுதி செய்த ஷெட்யூலைப் பின்னால் குறைத்தாலும், முடிந்த சரக்கை இரண்டு வார அளவுக்கும், மூலப்பொருளை நான்கு வார அளவுக்கும் அவர்கள் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு. அதற்குப் பல மாதம் பேச வேண்டியிருந்தது. ஆனால் அந்த வரி வந்த பிறகு ஷெட்யூல் போடுபவர்களே கவனமாகப் போடத் தொடங்கினார்கள், ஏனென்றால் தவறினால் அவர்களுடைய துறையின் கணக்கில் செலவு ஏறும். லைன் நிறுத்த இழப்புக்கும் ஒரு உச்சவரம்பு கேளுங்கள். ஒரு பிராக்கெட்டின் விலை 40 ரூபாய் என்றால், அது வராததற்காக ஒரு முழு லைனின் இழப்பைத் தாங்கும் வலு எந்தச் சிறு பட்டறைக்கும் கிடையாது. தாமதமான லோடின் மதிப்புக்கு மேல் டெபிட் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள்.

முன்னாள் கொள்முதல் (சென்னை)

நான் பெரிய நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவன். மேசையின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொன்னால் பேசுவது எளிதாகும் என்று நினைக்கிறேன்.

கொள்முதல் அலுவலருக்கு ஒவ்வோர் ஆண்டும் இவ்வளவு செலவுக் குறைப்பு என்று இலக்கு தரப்படுகிறது. உங்கள் 3 சதவீதம் அங்கிருந்து வருகிறது. உங்கள் பட்டறையின் கணக்கைப் பார்த்து யாரும் அந்த எண்ணை முடிவு செய்யவில்லை. எனவே "முடியாது" என்று மட்டும் சொன்னால் அவர் வேறு வெண்டரைத் தேடத்தான் முடியும். "இந்தத் துளையின் டாலரன்ஸை (அனுமதிக்கும் அளவு வேறுபாட்டை) 0.02 மி.மீ. என்பதிலிருந்து 0.04 ஆகத் தளர்த்தினால் ஒரு ஆபரேஷன் குறைகிறது, அதனால் இவ்வளவு ரூபாய் மிச்சம், அதில் பாதி உங்களுக்கு" என்று வரைபடத்தோடு போனால், அதே அலுவலர் உங்களுக்காக வடிவமைப்புப் பிரிவோடு பேசுவார், அவருக்கும் இலக்கு நிறைவேறுகிறது. நான் பார்த்தவரை, இப்படிக் குறிப்பான யோசனையோடு வரும் வெண்டர்கள் மிகக் குறைவு.

பணம் தாமதிப்பதில் எல்லாம் திட்டமிட்ட செயல் அல்ல. பி.ஓ. (கொள்முதல் ஆணை) விலை, ஜி.ஆர்.என். எண்ணிக்கை, இன்வாய்ஸ் தொகை மூன்றும் கணினியில் பொருந்தினால்தான் பில் தானாகப் பணப் பட்டுவாடாவுக்குப் போகும். விலை திருத்தத்துக்கு மின்னஞ்சலில் சம்மதம் வந்துவிட்டது என்று நம்பி, திருத்திய பி.ஓ. வரும் முன்பே புது விலையில் பில் போட்டு அனுப்பினால், அந்த பில் ஓர் ஓரத்தில் நிற்கும். அது நிற்கிறது என்று உங்களிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள். திருத்திய பி.ஓ. கையில் இல்லாமல் ஒரு லோடு கூட அனுப்பாதீர்கள். அதைவிட முக்கியமானது ஜி.ஆர்.என். சரக்கு கேட்டுக்குள் போன நாளும், தரப் பரிசோதனை முடிந்து ஜி.ஆர்.என். விழும் நாளும் ஒன்றல்ல. ஒப்பந்தத்தில் "ஜி.ஆர்.என். நாளிலிருந்து" என்று இருந்தால் கடிகாரத்தை ஓட விடுவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில். "கேட் என்ட்ரி நாளிலிருந்து" என்று மாற்றச் சொல்லுங்கள். பல இடங்களில் இதற்கு இணங்குவார்கள், ஏனென்றால் இதில் விலை எதுவும் மாறுவதில்லை.

ஈரோட்டுத் தணிக்கையாளர்

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே எழுதுவது பயன்படும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்குபவர் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வரவில்லை என்றால், சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும், ஆகவே ஜி.ஆர்.என். தாமதத்தைக் காட்டிச் சட்டக் கெடுவைத் தள்ள முடியாது. தாமதித்தால் 16ஆம் பிரிவின்படி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. 24ஆம் பிரிவு இந்த விதிகளை மற்றச் சட்டங்களுக்கு மேலாக வைக்கிறது. எனவே நீங்கள் 90 நாளுக்குக் கையெழுத்திட்டாலும் சட்டத்தின் பார்வையில் அது 45 நாள்தான்.

தகராறு வந்தால் இந்தச் சட்டத்தின்படி அமைந்த வசதி மன்றத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் மன்றங்கள் உள்ளன. இணையவழியாகவும் மனுச் செய்யலாம்; அதற்காக மத்திய அரசு 2017இல் சமாதான் தளத்தைத் தொடங்கியது. வாங்குபவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்பவர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே அதிகாரம். வழக்கை மும்பைக்கோ தில்லிக்கோ இழுக்க முடியாது. ஒப்பந்தத்தில் தனி நடுவர் விதி இருந்தாலும் மன்றத்துக்குப் போக அது தடையில்லை என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

ஒரு முன்னெச்சரிக்கை: உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்ற அரசுப் பதிவு) ஆர்டருக்கு முன்பே இருக்க வேண்டும். பணம் நின்ற பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பில்லுக்கு உரிமை கேட்டால் அது நிற்பது கடினம். இன்னொன்று, இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்துக்கான வரம்பு முதலீட்டில் 25 கோடி, விற்பனையில் 100 கோடி என உயர்ந்திருப்பதால், முன்பு வெளியே இருந்த பலர் இப்போது உள்ளே வருகிறார்கள்.

கணபதி பட்டறை (கோவை)

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் மனதில் இருப்பதை வெளிப்படையாகக் கேட்கிறேன். விற்பனையில் பாதியைத் தரும் நிறுவனத்தின் மீது மன்றத்தில் மனுக் கொடுத்தால், மறுமாதமே ஷெட்யூல் நின்றுவிடும். எந்திரக் கடனுக்குத் தவணை நிற்காது, ஆட்களுக்குச் சம்பளம் நிற்காது. அந்தத் தாமத வட்டியை யார் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்?

ஓசூர் பிரஸ் ஷாப்

உறவு முறிந்த பிறகு கேட்டு வாங்கியவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அதைத் தொடங்கி வைக்கும் பொறுப்பு முழுவதையும், அந்த நிறுவனத்தின் ஆர்டரை நம்பி வாழ்பவன் தலையில் வைத்துவிட்டார்கள். அதனால்தான் நாங்கள் எந்த வாடிக்கையாளரும் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்து, பெரிய ஆர்டர் வந்தபோதும் மறுத்தோம். அப்போது வளர்ச்சி நின்றது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தருபவரிடம் பேசும்போது குரல் வேறு மாதிரி இருக்கிறது.

ஈரோட்டுத் தணிக்கையாளர்

அந்தக் கவலை நியாயமானது. விற்பவர் புகார் கொடுக்காமலே வாங்குபவருக்கு உறைக்க வேண்டும் என்ற நோக்கில்தான் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு சேர்க்கப்பட்டது. 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். அதன் விளைவாக மார்ச் மாதத்தில் பணம் வேகமாக வரத் தொடங்கியது. ஆண்டின் மற்ற மாதங்களில் அந்த அளவு மாற்றம் இல்லை, ஏனென்றால் தாமதித்தாலும் மார்ச் 31க்குள் தந்துவிட்டால் அந்த ஆண்டிலேயே கழிவு கிடைத்துவிடுகிறது. சில வாங்குபவர்கள் வெண்டரிடம் உத்யம் பதிவை ரத்து செய்யச் சொன்னதும் உண்டு. யார் கேட்டாலும் அதற்கு இணங்க வேண்டாம். வங்கிக் கடன், அரசு டெண்டர், மன்றம் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை.

புகாரை நம்பாத வேறொரு வழிக்கு ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே துணை ஒப்பந்தக்காரர்களுக்கான பணம் தாமதிப்பதைத் தடுக்கும் சட்டம் 1956இல் வந்தது; பணம் 60 நாளுக்குள் தரப்பட வேண்டும் என்பது விதி. நியாய வணிக ஆணையமே வெண்டர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி விவரம் கேட்கிறது. 2024 மார்ச்சில், நிசான் நிறுவனம் 36 வெண்டர்களின் பில்லிலிருந்து சுமார் 302 கோடி யென் பிடித்தம் செய்தது சட்டவிரோதம் என்று அந்த ஆணையம் அறிவித்தது. நிறுவனம் அந்தத் தொகையைத் திருப்பித் தந்தது. ஒப்புக்கொண்ட விலையிலிருந்து பிற்பாடு "தள்ளுபடி" என்று கழித்ததுதான் அங்கே குற்றமாகக் கொள்ளப்பட்டது. நம் ஊரில் ஏப்ரல் விலைக் குறைப்பை, முந்தைய மாதங்களில் அனுப்பி முடித்த சரக்குக்கும் சேர்த்து டெபிட் நோட்டாகப் போடும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

திருப்பூர் தையல்கூடம்

ஆடைத் தொழிலிலும் இதே நிலைதான், பெயர்கள் மட்டும் வேறு. வெளிநாட்டு பிராண்டு தான் சொல்லும் இடத்தில்தான் ஜிப்பும் லேபிளும் வாங்க வேண்டும் என்று விதிக்கும். அந்த நாமினேட்டட் சப்ளையர் தாமதித்தாலும் கப்பல் தேதி தள்ளாது. தேதி தவறினால் சரக்கை ஏற்றுமதியாளர் தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். ஒரு விமானச் சரக்கு பில், அந்த ஆர்டரின் லாபத்தை முழுவதுமாகத் துடைத்துவிடும். எனவே கணபதி நண்பருக்கு ஒரு யோசனை: உங்களுக்கு வார்ப்படம் தரும் ஃபவுண்டரியை அந்த நிறுவனமே குறித்துக் கொடுத்திருந்தால், அந்த ஃபவுண்டரியின் தாமதத்துக்கும் உள்ளே மறைந்திருக்கும் குறைகளுக்கும் நீங்கள் பொறுப்பல்ல என்று கட்டாயம் எழுதி வாங்குங்கள்.

கணபதி பட்டறை (கோவை)

நல்ல நேரத்தில் நினைவூட்டினீர்கள், ஃபவுண்டரி அவர்கள் குறித்ததுதான். சென்ற மாதம் ஹவுசிங் ஒன்றில், துளையைக் கடைசி கட் எடுக்கும்போதுதான் உள்ளே ஊசித் துளைகள் தெரிந்தன. அதுவரை ஆன எந்திர நேரம், இன்சர்ட் (வெட்டும் முனை), ஆள் கூலி எல்லாம் வீண். ஃபவுண்டரி வார்ப்படத்தின் எடைக்கு மட்டும் மாற்றித் தருகிறது. எந்திர வேலைக்கான செலவை யாரும் தருவதில்லை. எங்கள் கண்ணில் படாமல் போன சில துண்டுகளுக்காக, அவர்களுடைய கிடங்கில் இருந்த முழு லாட்டையும் வெளி ஆட்களை வைத்துப் பிரித்தெடுத்து, மணிக் கணக்கில் கூலி போட்டு எங்களுக்கு டெபிட் நோட் அனுப்பினார்கள். குறையின் காரணத்தையும் தீர்வையும் விளக்கும் எட்டு-டி அறிக்கையும் நாங்கள்தான் எழுதினோம்.

அம்பத்தூர் பிளேட்டிங்

இவ்வளவு நேரம் படித்துவிட்டு எழுதுகிறேன். நாங்கள் துத்தநாக முலாம் பூசித் தரும் சிறு கூடம் நடத்துகிறோம். எங்கள் வாடிக்கையாளர்கள் பெரிய நிறுவனங்கள் அல்லர், உங்களைப் போன்ற அண்ணன்மார்தான். பெரிய நிறுவனம் உங்களுக்கு 75 நாளில் தருகிறது என்றால், நீங்கள் எங்களுக்கு 120 நாளில் தருகிறீர்கள். "அங்கிருந்து வரவில்லை அம்மா, வந்ததும் தருகிறேன்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். ரசாயனமும் துத்தநாகமும் எங்களுக்கு ரொக்கத்துக்குத்தான் கிடைக்கின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவு தினமும் இருக்கிறது. எங்களிடம் பி.ஓ. கூடக் கிடையாது, டெலிவரி சலானும் தொலைபேசி அழைப்பும்தான். ஒரு லாட்டில் முலாம் உரிந்தால், முலாம் கூலி போகட்டும், உங்கள் பாகத்தின் முழு விலையையும் கழித்துக்கொள்கிறீர்கள். தணிக்கையாளர் ஐயா, அந்த 45 நாள் சட்டம் எங்களுக்கு இவர்களிடமும் பொருந்துமா?

ஈரோட்டுத் தணிக்கையாளர்

நிச்சயமாகப் பொருந்தும் அம்மா. வாங்குபவர் பெரியவராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஜாப் ஒர்க் (பிறர் பொருளில் கூலிக்குச் செய்யும் வேலை) சேவையும் அதில் அடங்கும். உங்களிடம் எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதால் உங்களுக்கு 45 நாள் அல்ல, 15 நாள்தான் கெடு. 43பி(எச்) பிரிவும் இங்கே எழுதும் பட்டறைகளுக்குப் பொருந்தும்; ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது முலாம், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங் கூலிப் பாக்கிகளை நான் முதலில் பார்ப்பது அதனால்தான்.

ஓசூர் பிரஸ் ஷாப்

அவர் சொன்னது எங்களுக்கும் சேர்த்துத்தான். ஜாப் ஒர்க் கூலிக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கி 30 நாளில் தரத் தொடங்கியபோது, அவசர லாட்டுகளை முலாம் கூடத்தில் முன்னுரிமை கொடுத்து முடித்துத் தந்தார்கள். எங்கள் தாமத டெபிட் நோட்டுகள் அதன் பிறகு குறைந்தன.

முன்னாள் கொள்முதல் (சென்னை)

90 நாள் விதியில் அவர்கள் இறங்கி வரவில்லை என்றால் ட்ரெட்ஸ் தளத்தைக் கேளுங்கள். உங்கள் இன்வாய்ஸை அங்கே ஏற்றி, நிறுவனம் ஒப்புதல் கொடுத்ததும், வங்கிகள் ஏலம் கேட்டுச் சில நாளில் உங்களுக்குப் பணம் தரும். கெடு நாளில் நிறுவனம் வங்கிக்குக் கட்டும். நிறுவனம் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது. வட்டி விகிதம் உங்கள் பட்டறையின் மதிப்பை வைத்து அல்ல, அந்தப் பெரிய நிறுவனத்தின் மதிப்பை வைத்து அமைவதால், பெரும்பாலும் உங்கள் சி.சி. வட்டியைவிடக் குறைவாக இருக்கும். 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31க்குள் இதில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு அறிவித்துவிட்டது. ஆனால் பதிவு செய்வது கட்டாயமே தவிர, உங்கள் இன்வாய்ஸுக்கு ஒப்புதல் கொடுப்பது அவர்கள் விருப்பம். ஆகவே "எத்தனை நாளுக்குள் ஒப்புதல், வட்டி யார் கணக்கில்" என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கொள்முதல் பிரிவிடம் கேட்டால் நிதிப் பிரிவைக் கைகாட்டுவார்கள். நேரே நிதிப் பிரிவுக்கே எழுதுங்கள்.

கணபதி பட்டறை (கோவை)

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்திடாமல், திருத்தங்களை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, கொள்முதலுக்கும் நிதிக்கும் ஒரே நாளில் அனுப்பினேன். கேட் என்ட்ரி நாளை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் குறித்த ஃபவுண்டரியின் குறைக்கு எந்திரக் கூலியைத் தர ஒப்புக்கொண்டார்கள், ஆனால் முன்பே அறிவித்த லாட்டுக்கு மட்டும். லைன் நிறுத்தத்துக்கு உச்சவரம்பு கிடைத்தது. லோடின் மதிப்பு அல்ல, அதைப்போல இரண்டு மடங்கு. 45 நாளை எழுத்தில் தர மறுத்து, ட்ரெட்ஸ் மூலம் 10 நாளுக்குள் ஒப்புதல், வட்டி பாதிப் பாதி என்று சொல்லியிருக்கிறார்கள். விலைக் குறைப்பை முதல் ஆண்டுக்கு மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டுக்குள் நாங்கள் செலவுக் குறைப்பு யோசனை தந்தால் அந்த ஆண்டின் விலைக் குறைப்பில் அதைக் கழித்துக்கொள்வார்களாம்.

அம்பத்தூர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, எங்கள் கிரைண்டிங், முலாம் பாக்கிகளின் பட்டியலை எடுக்கச் சொன்னேன். கெடுவைத் தாண்டியவை இந்த வாரம் தீர்ந்துவிடும், இனி பி.ஓ. இல்லாமல் அவர்களுக்கு வேலை அனுப்புவதில்லை.

ஈரோட்டுத் தணிக்கையாளர்

வட்டி பாதிப் பாதி என்பதை ஏற்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 45 நாள் வரை உள்ள வட்டியில் பங்கு கேட்பது பேச்சுக்குரியது. 46ஆம் நாள் முதல் 90ஆம் நாள் வரை உள்ள வட்டி முழுவதும் அவர்களுடையது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். நிறுவனங்கள், 45 நாளைத் தாண்டிய குறு, சிறு நிறுவனப் பாக்கிகளைக் காரணத்தோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2019 முதல் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதற்கான படிவத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் நிதிப் பிரிவு வேறு கவனத்தோடு படிக்கும். வரைவு வந்ததும் இங்கே அந்த விதியை மட்டும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.